மூன்றாம் கட்டிலுக்கு ஒரு பார்வையாளர்

கதவைத் தட்டாதீங்க தம்பி. நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. போர்டுல போட்டிருக்கு பாருங்க, 'பார்வையாளர் நேரம் ஞாயிறு மாலை நான்கு முதல் ஐந்து வரை'. தட்டினாலும் உள்ள வேலை பாக்குற செல்லக்கனி திறக்க மாட்டா. அவளைக் குத்தம் சொல்ல முடியாது. நான்தான் அப்படிப் பழக்கி வச்சிருக்கேன்.

இப்படி வந்து இந்தப் பெஞ்சுல உக்காருங்க. வெயில் இந்தப் பக்கம் வராது. அம்மாவைச் சேக்கணும்னு பாக்க வந்திருக்கீங்க, அப்படித்தானே? முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. இங்க வாரவங்க எல்லாரும் மொத தடவை இந்த முகத்தோடதான் வருவாங்க.

நானா? நானும் பார்வையாளர்தான். மூணாம் கட்டிலுக்கு வந்திருக்கேன்.

பொறவு நான் எப்படி அவளைப் பழக்கி வச்சேன்னு கேக்கீங்களா? இந்த முதியோர் இல்லமே என்னோடதுதான். போர்டுல கீழே, 'நிர்வாகி: திருமதி தங்கபுஷ்பம் அருமைநாயகம், தலைமையாசிரியை (ஓய்வு)'ன்னு இருக்குல்லா, அது நான்தான். அப்படிப் பாக்காதீங்க. புத்தியெல்லாம் சரியாத்தான் இருக்கு. போன மாசம் ஒரு ஆளு, நான் உள்ள இருந்து தப்பிச்சு வந்து உக்காந்திருக்கேன்னு நினைச்சு, என் கையைப் பிடிச்சுத் திரும்ப உள்ள கொண்டுபோய் விடப் பாத்தாரு. நல்ல மனுஷர். அவருக்கு நன்றி சொல்லிட்டு, இன்னும் நேரம் ஆகலன்னு சொன்னேன்.

சொந்த வீட்டு வாசல்ல நான் ஏன் காத்துக் கெடக்கேன்னா, அதுக்குக் காரணம் ஒரு பொண்ணு. தமயந்தின்னு பேரு. லைசென்ஸ் இன்ஸ்பெக்சனுக்கு வந்த ஆபீசர். வயசு முப்பது இருக்குமா, முப்பத்திரண்டு இருக்குமா. அரூர் பக்கமாம். லைசென்ஸ் கெடச்சாச்சு, அதைப் பத்தி நீங்க பயப்பட வேண்டாம். எப்படிக் கெடச்சதுங்கிறதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

நீங்களே சொல்லுங்க, இன்ஸ்பெக்சன்னா எனக்குத் தெரியாதா? ஆயுசு பூரா பள்ளிக்கூடத்துல இருந்தவ நான். கடைசிப் பத்து வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸ். வருஷா வருஷம் ஆபீசர் வருவாங்க. ஒரு வருஷமாவது எங்க பள்ளிக்கூடத்தைப் பத்தி ஒரு வார்த்தை குறைவா எழுதினது உண்டா? கெடையாது.

என்ன செய்வோம்? நீங்களும் படிச்சு வந்தவர்தானே, தெரிஞ்சிருக்கும். சுவருக்கு வெள்ளை அடிப்போம். நல்லாப் படிக்கிற புள்ளைகளை முன் பெஞ்சுல உக்கார வைப்போம். மக்குப் புள்ளையைக் கூப்பிட்டு, 'நாளைக்கு உனக்குக் காய்ச்சல், வராதே'ன்னு முந்தின நாளே சொல்லிருவோம். முக்கியமானது கை. ஆபீசர் என்ன கேட்டாலும் வகுப்பு முழுக்கக் கையைத் தூக்கணும். பதில் தெரிஞ்சவன் வலது கை. தெரியாதவன் இடது கை. டீச்சர் வலது கையாப் பாத்து எழுப்பி விடுவா. ஆபீசர் கண்ணுக்கு அத்தனை புள்ளைக்கும் பதில் தெரியும். இதுல பொய் என்ன இருக்கு? ஒருத்தனும் வாயைத் திறந்து பொய் சொல்லலையே. கையைத்தானே தூக்குதான்.

இல்லத்துக்கு லைசென்ஸ் புதுப்பிக்கணும்னு கடுதாசி வந்ததும் நான் கலங்கவே இல்ல. ஆனா விஷயம் பெரிசு, அதையும் சொல்லிருதேன். லைசென்ஸ் போச்சுன்னா உள்ள இருக்கிற எட்டுப் பேரையும் வேற எடம் பாத்து அனுப்பிரணும். பாதிப் பேருக்கு அனுப்ப எடமே கெடையாது. கூப்பிட்டாப் போனை எடுக்காத மக்கமாரெல்லாம் இருக்காங்க. அந்த எட்டுப் பேர்ல ஒருத்தருக்கு இதுதான் சொந்த வீடு. அவரு கட்டின வீடு. அவரை எங்க அனுப்ப?

அவருதான் மூணாம் கட்டில். அருமைநாயகம் சார். என் வீட்டுக்காரர்.

நாங்க ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். அவரு அஞ்சாம் வகுப்பு வாத்தியார். ரிட்டயர் ஆன மறுவருஷமே வாதம் வந்து வலது பக்கம் விழுந்துட்டு. பேச்சும் போயிட்டு. சொல்லுறது எல்லாம் புரியும், பதில் வராது. மகன் மஸ்கட்ல. நான் ஒருத்தியாத் தூக்கி எடுக்க முடியுமா? ஆளு வச்சேன். செல்லக்கனியை அப்பத்தான் வச்சது. அவளைப் பாத்துக்கிட்டே இருக்கும்போது தோணிச்சு, ஒருத்தருக்குக் கஞ்சி காய்ச்சறவ எட்டுப் பேருக்குக் காய்ச்சக் கூடாதா? வீடும் பெரிசு. நானும் சும்மாதான் இருக்கேன். அப்படி வந்ததுதான் இல்லம். எல்லாரும் நான் ஊருக்குச் சேவை செய்யுறதாச் சொல்லுதாங்க. எனக்கு ஒரு மணியும், அடிச்சா எந்திரிக்கிறதுக்கு நாலு பேரும் வேணும். அவ்வளவுதான்.

ஆனா ஒண்ணு. சொந்தம்னு பாத்தா நிர்வாகம் நடக்காது. இதுல நான் ரொம்பக் கண்டிப்பு. ஜன்னலோரக் கட்டில் யாருக்குன்னு சீட்டுக் குலுக்கினோம். சாருக்கு நடுவுல மூணாவது விழுந்தது. 'டீச்சர், அவரு உங்க வீட்டுக்காரர்லா, ஜன்னலோரம் குடுத்திருங்க'ன்னு, ஜன்னலோரம் விழுந்த சங்கரலிங்கம் அய்யாவே சொன்னாரு. முடியாதுன்னுட்டேன். மத்தவங்க என்ன நினைப்பாங்க? நான் மாடியில படுக்கேன். கீழ அவங்க அறையில நிர்வாகி படுக்கிறது முறை இல்லல்லா.

பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான். சாருக்கு நான் மெமோ குடுத்திருக்கேன், தெரியுமா? சொந்தப் புருஷனுக்கு. ஒரு நாள் லேட்டு. காரணம் என்னன்னா, அன்னைக்கு நான் என் கண்ணாடியை வீட்டுலயே மறந்து வச்சிட்டுப் போயிட்டேன். பாதி வழியில இருந்து அதை எடுக்கத் திரும்பிப் போயிருக்காரு. காரணம் எதுவா இருந்தா என்ன, லேட்டு லேட்டுதானே. அவரு கொண்டுவந்த கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத்தான் மெமோ எழுதினேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாரு. ராத்திரி ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சாப்பிட்டோம். வேலைன்னா வேலை.

எங்க விட்டேன்? ஆங், பயிற்சி.

சாயங்காலம் காப்பி குடிச்சதும் மணி அடிப்பேன். ஹால்ல நாற்காலியை ரெண்டு வரிசையாப் போட்டு உக்கார வச்சாச்சு. நான் ஆபீசர், செல்லக்கனி டீச்சர். 'சாப்பாடு எப்படி இருக்கு?'ன்னு கேப்பேன். எல்லாக் கையும் மேல போவணும். பதில் சொல்லத் தெரிஞ்சவங்க வலது, மத்தவங்க இடது. கேள்வி முடியுறதுக்கு முன்னாலயே தூக்கணும், யோசிக்கக் கூடாது, யோசிச்சா சந்தேகம் வரும்னு சொல்லி வச்சிருந்தேன்.

மொத நாளே சங்கரலிங்கம் அய்யா தகராறு. மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவரு. "எதுக்கு டீச்சர் கை? வாயால சொன்னா ஆகாதா?"ன்னாரு.

"வாயால சொன்னா எட்டுப் பேரும் எட்டு விதமாச் சொல்லுவீங்க."

"எட்டு விதமாத்தானே இருக்கு?"

"இருக்கலாம். ஆபீசர் முன்னால இருக்கக் கூடாது."

ஆனா ஆளு கெட்டிக்காரர். சாப்பாட்டுக் கேள்விக்கு அவரைத்தான் போட்டேன். 'சத்தாகவும் சூடாகவும் இருக்கிறது.' இதுதான் பதில். ரோஸ்மேரி அக்காவுக்குக் கழிப்பறை. 'தினமும் இருமுறை கழுவப்படுகிறது.' அக்காவுக்குப் பல்லு இல்லாததால 'கழுவப்படுகிறது' சரியா விழல. நாலு நாள் அதுக்கே போச்சு.

சாருக்கு மட்டும் விலக்கு. வலது கை வராது. இடது கையைத் தூக்கினாத் தெரியாதுன்னு ஆயிரும். அஞ்சாம் வகுப்பு வாத்தியாருக்கு அது கேவலம் இல்லையா? "நீங்க கையை மடியில வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க சார்"னு சொன்னேன். தலையை ஆட்டினாரு. நான் எது சொன்னாலும் ஆட்டுவாரு.

மிச்சம் பிச்சம்மா. அது ஒரு பெரிய தலைவலி. பால்காரர் வரட்டும், கேஸ்காரர் வரட்டும், கையைப் பிடிச்சுக்கிட்டு, "என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயேன்யா"ன்னு கெஞ்சும். கேக்குறவங்களுக்கு என்ன தோணும்? நாம என்னமோ கட்டிப்போட்டு வச்சிருக்க மாதிரி. அதனால பிச்சம்மாவுக்கு அன்னைக்கு லீவு குடுத்தேன். செல்லக்கனி வீடு அடுத்த தெரு. காலையிலயே கொண்டுபோய் அவ மருமககிட்ட விட்டாச்சு. ரெண்டு இட்லி கூட அனுப்பினேன்.

ஆபீசர் பொண்ணு சொன்ன நேரத்துக்கு வந்தா. அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா தனியா வரல. ஒரு கையில பைலு. இன்னொரு கையைப் பிடிச்சுக்கிட்டு யாரு வாரா? பிச்சம்மா!



"வணக்கம் டீச்சர். இந்தப் பாட்டி தெருமுனையில நின்னு, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு அழுதாங்க. எந்த வீடு பாட்டின்னு கேட்டேன். என்னைத்தான் இங்க கூட்டிட்டு வந்துட்டாங்க. இவங்க இங்க இருக்கறவங்கதானே?"

"ஆமாம்மா. இன்னைக்கு லீவு."

"லீவா?"

"காய்ச்சல்."

அந்தப் பொண்ணு பிச்சம்மா நெத்தியில கையை வச்சுப் பாத்தா. "இல்லையே."

"இப்பத்தான் விட்டிருக்கும்"னேன்.

பிச்சம்மா எங்க ரெண்டு பேரையும் கண்டுக்கிடல. விறுவிறுன்னு உள்ள போயி, ஆறாம் கட்டில்ல ஏறி, செருப்பைக்கூடக் கழத்தாமப் படுத்துட்டு. "வீடு வந்துட்டு"ன்னு சொல்லிக் கண்ணை மூடிக்கிட்டு. எனக்கு மானமே போச்சு. இன்ஸ்பெக்சன் அன்னைக்குச் செருப்போட கட்டில்ல! அந்தப் பொண்ணு அதைப் பாத்துக்கிட்டே நிக்கா. சரி, மொத மார்க்கு போச்சுன்னு நினைச்சேன்.

பொறவு சமையல்கட்டு பாத்தா, மருந்து அலமாரி பாத்தா, குளிக்கிற எடத்துல காலை வச்சு வழுக்குதான்னு பாத்தா. வாயைத் திறக்கல. பேனாவையும் திறக்கல. பேனாவைத் திறக்காத ஆபீசரை நம்பக் கூடாது, இது நான் அனுபவத்துல சொல்லுதேன். ஒரு வழியா ஹாலுக்கு வந்தா. என் வகுப்பு தயாரா இருந்தது. சங்கரலிங்கம் அய்யா திருநீறு பூசி, பட்டன் எல்லாம் போட்டு, முன் வரிசையில.

அவ எனக்குப் போட்டிருந்த நாற்காலியை இழுத்து, அவங்களுக்கு நேரா, ரொம்பக் கிட்டத்துல போட்டு உக்காந்தா.

"சாப்பாடு எல்லாம் எப்படி இருக்கு?"

சும்மா சொல்லக் கூடாது, என்ன அழகு! ஒரே நேரத்துல அத்தனை கையும் மேல போச்சு. சாரும், உள்ள படுத்திருக்க பிச்சம்மாவும் தவிர. நான் சங்கரலிங்கம் அய்யாவைக் காட்டினேன். எந்திரிச்சு நின்னு, "சத்தாகவும் சூடாகவும் இருக்கிறது"ன்னாரு. உக்காந்தாரு.

"கழிப்பறை?"

கை. ரோஸ்மேரி அக்கா. 'கழுவப்படுகிறது' கூட ஓரளவுக்கு விழுந்துட்டு.

எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. பழைய நாள் மாதிரியே இருந்தது.  அந்தப் பொண்ணு அதே குரல்ல, "இங்க யாராவது உங்களை அடிக்கிறாங்களா?"ன்னு கேட்டா.

கேள்வி முடியுறதுக்கு முன்னாலயே எல்லாக் கையும் மேல போயிட்டு.

  கையை எறக்கவும் இல்ல யாரும். நான் சொன்னாத்தானே எறக்கணும், அப்படித்தானே பழக்கம். எறக்கச் சொல்ல எனக்குத் தோணவே இல்ல, தம்பி.

அவ சங்கரலிங்கம் அய்யாவைப் பாத்து, மெதுவா, "யாருங்கய்யா அடிக்கிறது?"ன்னா.

அய்யா எந்திரிச்சாரு. என்னையப் பாத்தாரு. ஆபீசரைப் பாத்தாரு. தொண்டையைச் செருமிக்கிட்டு, "சத்தாகவும் சூடாகவும் இருக்கிறது"ன்னாரு.

போச்சு. எட்டுப் பேரும் தெருவுலதான்னு நினைச்சேன். செல்லக்கனி கதவுக்குப் பின்னால நின்னு சேலையை வாயில வச்சு அழுதாளா சிரிச்சாளா, இன்னைக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கா.

அந்தப் பொண்ணு கைகளை ஒவ்வொண்ணாப் பாத்தா. வலது, வலது, இடது, வலது, இடது, இடது. பொறவு என் பக்கம் திரும்பினா.

"டீச்சர், தெரிஞ்சா வலது, தெரியாட்டி இடதா?"

நான் கண்ணாடியைக் கழத்தித் தொடைச்சேன்.

"எங்க ஸ்கூல்லயும் இதேதான். நான் அஞ்சு வருஷமும் இடது கை. ஒரு இன்ஸ்பெக்சன்லகூட என்னை யாரும் எழுப்பினதில்ல"ன்னா. கோவமாச் சொல்லல. பஸ் நம்பர் சொல்லுற மாதிரி சொன்னா. "எல்லாரும் கையை இறக்குங்க. வலிக்கும்."

அவங்க என்னையப் பாத்தாங்க. நான் தலையை ஆட்டின பொறவுதான் எறக்கினாங்க. அந்த மட்டுக்கும் என் மரியாதை நின்னுது.

அப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியாப் பேசினா. யாரும் அடிக்கலன்னு சொல்லிட்டாங்க, நல்லவேளை. சங்கரலிங்கம் அய்யா மட்டும், "மணி அடிக்காம இருந்தா நல்லாருக்கும்"னாராம். ரோஸ்மேரி அக்கா, கொழம்புல உப்பு பத்தலன்னாளாம். இதுக்குத்தான் வாயால பேசக் கூடாதுன்னேன்.

கடைசியா எங்க போனா? சார்கிட்ட. "ஒரு கேள்விக்கும் கை தூக்காதவர் இவர் ஒருத்தர்தான்"ன்னு சொல்லிக்கிட்டே பக்கத்துல போயி உக்காந்தா.

"அவருக்குப் பேச்சு கெடையாதும்மா"ன்னேன்.

"பரவால்ல டீச்சர். நான் கேக்கறேன். ஆமான்னா தலையாட்டட்டும்."

நேரத்துக்குச் சாப்பாடு தராங்களா? ஆட்டினாரு. குளிப்பாட்டி விடறாங்களா? ஆட்டினாரு. மருந்து? ஆட்டினாரு. எனக்கு உசிரு வந்துட்டு. என்ன இருந்தாலும் வாத்தியார், இல்லத்தை விட்டுக் குடுக்க மாட்டாரு.

"வீட்டு ஆளுங்க யாராவது உங்களை வந்து பாக்கறாங்களா?"

அவரு தலையைப் பாதி ஆட்டி நிறுத்திட்டாரு.

"பிள்ளைங்க?"

ஆட்டினாரு. மகன் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவான். உண்மையைத்தான் சொன்னாரு.

"உங்க மனைவி?"

மடியில இருந்த இடது கையை எடுத்தாரு. மேல தூக்கினாரு. நான் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன், தெரியும்லா அவருக்கு? தெரியும். தூக்கினவரு எறக்கவே இல்ல. 

நான் பின்னால நின்னுக்கிட்டு, "நான்தாம்மா அவரு மனைவி"ன்னேன்.

அவ திரும்பி என்னையப் பாத்தா. "நீங்க நிர்வாகி இல்லையா?"

"ரெண்டும்தான்."

"அப்ப அவரை எப்ப பாப்பீங்க?"

"இதென்ன கேள்வி? எந்நேரமும் இங்கதானே இருக்கேன்."

"இருக்கீங்க டீச்சர். எப்ப பாப்பீங்க?"

படிச்ச பொண்ணு, இப்படி ஒரு கேள்வி.  சார் கையைப் பிடிச்சு அவதான் எறக்கி மடியில வச்சா. அப்பத்தான் பேனாவைத் திறந்தா.

லைசென்ஸ் தபால்ல வந்தது. மூணு நிபந்தனை சரியான நிபந்தனை. வாசல்ல சாய்தளம், குளிக்கிற எடத்துல கைப்பிடி, தீயணைப்புக் கருவி. நாலாவதைக் கேளுங்க. எனக்கு மனப்பாடமே ஆயிட்டு. 'மூன்றாம் எண் கட்டிலில் உள்ள இல்லவாசியை அவரது மனைவி வாரம் ஒருமுறை பார்வையாளர் நேரத்தில் சந்திப்பதை நிர்வாகி உறுதி செய்ய வேண்டும். அந்நேரத்தில் சந்திப்பவர் இல்லப் பணி எதையும் செய்தல் கூடாது.'

மனைவியும் நான், நிர்வாகியும் நான். நான் வாரேனான்னு நானே உறுதி செய்யணுமாம்! நேரா ஆபீசுக்குப் போனேன். "இது என்னம்மா கூத்து? இதை எடுத்து விடு"ன்னேன்.

"எல்லா இல்லவாசிக்கும் வீட்டு ஆளுங்களைப் பாக்கற உரிமை உண்டு டீச்சர். எல்லாருக்கும் ஒரே விதிதான். உங்க சொந்தக்காரர்ங்கறதால அவருக்கு மட்டும் விதியைத் தளர்த்தச் சொல்றீங்களா?"

சிரிக்கக்கூட இல்ல. என் ஆயுசுல என்கிட்ட ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்ல தம்பி. வந்துட்டேன்.

விதின்னா விதி. செய்யுறதுன்னா சரியாச் செய்யணும். அடுத்த ஞாயித்துக்கிழமை வெளிய வந்து இந்தப் பெஞ்சுல உக்காந்தேன். நாலு அடிச்சதும் கதவைத் தட்டினேன்.

"யாரைப் பாக்கணும்?"னு கேக்கா செல்லக்கனி.

"ஏட்டி, நான்தான்."

"யாரா இருந்தாலும் கேட்டுத்தான் உள்ள விடணும்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?"

பதில் சொன்னேன். விட்டா. மூணாம் கட்டில் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்தேன். பேச ஒண்ணும் இல்ல. தினமும் பேசுறவதான். மாத்திரை போட்டாச்சா, திரும்பிப் படுங்க, வாயைத் தொடைச்சுக்கிடுங்க. இது எதுவும் சொல்லக் கூடாதுன்னா வேற என்ன இருக்கு? பெட்ஷீட் சுருக்கத்தை இழுத்து விட்டேன். "பார்வையாளர் படுக்கையைத் தொடக் கூடாது"ன்னு செல்லக்கனி சத்தம் போட்டா. அதுவும் நான் போட்ட விதி. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தேன்.

சும்மா உக்காந்தா கண்ணு எங்கயாவது போவும்லா. அவரு சட்டைக் காலர் நைஞ்சு போயிருந்தது. எதுத்தாப்புல பாத்தா, கக்கூஸ் கதவு. எந்நேரமும் அவரு அதைத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்காரு. எனக்கு வந்துது பாருங்க கோவம். என்ன நிர்வாகம் இது, புகார் குடுக்கணும்னு எந்திரிச்சேன். யாருகிட்ட குடுக்க? திங்கக்கிழமை மொத வேலையா ரெண்டு சட்டை எடுத்துட்டு வந்தேன். கட்டிலைத் திருப்பிப் போடுறது பரிசீலனையில இருக்கு. ஒருத்தருக்குத் திருப்பினா எல்லாருக்கும் திருப்பணும், அதான் யோசிக்கேன்.

அடுத்தடுத்த வாரம் பேப்பர் கொண்டுபோயி வாசிச்சேன். ஒரு வாரம் பாதி வாசிக்கையில கையை நீட்டி என் கண்ணாடியைத் தொட்டாரு. தொட்டுட்டுச் சிரிச்சாரு. அவருக்கு இப்ப பாதி முகந்தான் சிரிக்கும். அந்த மெமோ ஞாபகம் போல. நான் சிரிக்கல. லேட்டு லேட்டுதானே.

இந்தச் சேலையா? சும்மா கட்டினதுதான். பார்வையாளர்னா கொஞ்சம் நல்லாத்தானே வரணும். நீங்களும் இஸ்திரி போட்டுத்தானே வந்திருக்கீங்க. உங்களுக்கு எந்த ஊரு, பெங்களூரா? அம்மாவைச் சேத்தா மாசம் ஒருக்கா வருவீங்களா? வரணும். வரலன்னா அந்தப் பொண்ணு உங்க பேருலயும் ஒரு நிபந்தனை எழுதிருவா, அவளை நம்ப முடியாது.

போன வாரம் ஒண்ணு நடந்தது. வாசல்ல பதில் சொல்லிட்டு உள்ள நுழையுதேன். அவ்வளவு தூரத்துல இருந்தே சார் இடது கையைத் தூக்கிட்டாரு. ஹால்ல எல்லாருக்கும் சிரிப்பு. இடது கைன்னா என்ன அர்த்தம்னு நான்தானே சொல்லிக் குடுத்தேன். தெரியாதுன்னு அர்த்தம். எது தெரியாது? நான் என்ன கேள்வி கேட்டேன்? ஒண்ணும் கேக்கல. சும்மா வந்து நின்னேன். அதுக்குப் போயி கையைத் தூக்கினா?

மணி அடிக்குது, கேட்டீங்களா? சங்கரலிங்கம் அய்யா. மணி வேண்டாம்னு சொன்னவர் கையிலயே மணியைக் குடுத்துட்டேன், இப்ப வாயைத் திறக்க மாட்டேங்காரு.

தம்பி, ஒரு உதவி. இந்தப் பொட்டலத்தை உங்க பையில வச்சுக்கிடுதீங்களா? கருப்பட்டி மிட்டாய்தான். அவருக்கு ரொம்பப் பிடிக்கும், சர்க்கரை வியாதியும் கெடையாது. வெளித் தின்பண்டம் உள்ள கொண்டுபோகக் கூடாது, போர்டுல இருக்கு. என் பையைச் செல்லக்கனி சோதிப்பா. போன வாரம் பிடுங்கிட்டா. உங்களைச் சோதிக்க மாட்டா, புதுசு. உள்ள போனதும் ரோஸ்மேரி அக்கா கட்டில்கிட்ட வச்சு எங்கிட்டக் குடுத்திருங்க. நாம பேசிக்கிட்டு இருந்ததாக் காட்டிக்கிட வேண்டாம்.

நீங்க முன்னால போங்க. வலது பக்கம் பிச்சம்மா இருக்கும், கையைப் பிடிக்கும், பிடிச்சா உள்ள ஒரு சுத்து கூட்டிட்டுப் போயி கட்டில்ல விட்டிருங்க, சரியாயிரும். அதுக்கு நேரா மூணாம் கட்டில். நீங்க நுழைஞ்சதுமே அவரு கையைத் தூக்குவாரு. பதிலுக்கு நீங்களும் தூக்கிராதீங்க.

அது உங்களுக்கு இல்ல.